காப்புக் கட்டிய வாய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கையைத் தூக்கினேன். கோயில் முன்னால் கூட்டம் போட்டு, "இந்த வருசம் ராஜா வேசத்துக்கு ஆள் இல்ல, யார் கட்டுறீங்க?" என்று நாடக மாஸ்டர் கேட்டபோது, அங்கே இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தரையைப் பார்ப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்திவிட்டேன். புத்தி எனக்குப் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் வந்து சேரும். நானுஓயாவுக்கு வருகிற ரயிலாவது சில நாள் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் ஒரே நாடகம்தான். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று நின்ற ராஜா, அதற்காக நாட்டை இழந்து, பெண்டாட்டி பிள்ளையை விற்று, கடைசியில் சுடுகாட்டுக் காவலாளி ஆகிற கதை. பெயர் சொல்லத் தேவையில்லை; உங்கள் வீட்டிலும் யாராவது அழுதிருப்பார்கள். பாம்பு கடித்துச் செத்துப்போன மகனைத் தூக்கிக்கொண்டு ராணி சுடுகாட்டுக்கு வருவாள். அது தன் மகன்தான் என்று தெரிந்த பிறகும், கூலி கொடுத்தால்தான் எரிக்க விடுவேன் என்று ராஜா மறித்து நிற்பார். அந்த இடத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் மூக்கைச் சிந்தாத வருடமே கிடையாது.

நான் அந்த நாடகத்தில் கோமாளி. ராஜா எதைச் சொன்னாலும் பின்னால் நின்று முழிப்பது என் வேலை. "மகாராஜா, பொய்க்கு வரி போட்டிருந்தா நாடு இப்படிக் கடன்படுமா?" என்று நான் கேட்பேன்; ஜனம் கைதட்டும். மற்ற நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறேன். அதிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ராகலையிலிருந்து நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் நான் சொல்லி முடிக்கிற கதைகளில் பாதி நடக்காதவை, மீதி வேறு யாருக்கோ நடந்தவை. வழக்கமாக ராஜா வேசம் கட்டுகிறவர் கட்டாருக்குப் போய்விட்டதால்தான் இந்த ஏற்பாடு.

மற்றவர்கள் தரையைப் பார்த்த காரணம் எனக்குக் கொடியேற்றத்தன்று விளங்கியது. எங்கள் தோட்டத்தில் ராஜா வேசம் கட்டுகிறவனுக்கு மஞ்சள் துண்டு கோர்த்துக் கையில் காப்புக் கட்டுவார்கள். அதை அவிழ்க்கிற வரைக்கும் இறைச்சி இல்லை, சாராயம் இல்லை, இருட்டிய பிறகு தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் பேசக் கூடாது. காப்போடு பொய் பேசினால் மேடையில் ராஜாவுக்குத் தொண்டை அடைத்துவிடும், தோட்டத்துக்கே ஆகாது என்பது நம்பிக்கை. கோமாளிக்குக் காப்புக் கிடையாது. இத்தனை வருடம் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றும் நான் அதைக் கவனிக்காததற்குக் காரணம், எனக்கு அந்த வாரங்களில் இறைச்சி, சாராயம் எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்ததுதான்.

காப்புக் கட்டிய மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் ஆள். மேல் லயத்து வீட்டு வரிசையில் இருக்கிற பெரியவர் ஒருவர். உறவு எதுவும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா.

"தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. போன மாசம் என் சேவல் காணாமப் போச்சுல்ல?"

"ஆமா மாமா."

"நீ அதுல சாப்பிட்டியா?"

மணிக்கட்டைப் பார்த்தேன். "சாப்பிட்டேன் மாமா."

"எத்தன துண்டு, எவ்வளவு ருசின்னு கேக்கல. யார் வீட்டுல?"

சொன்னேன். மேல் லயத்தில் அன்று மத்தியானம் வரைக்கும் சத்தம் அடங்கவில்லை.

அப்புறம் ஒரு பெண். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கிறவரின் மனைவி. "அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஓவர்டைம் ஓவர்டைம்னு ஒங்க ஆட்டோவுல ஏறிப் போறாரே, ஸ்டோருலதான எறக்குறீங்க?"

"ஸ்டோருக்கு ரெண்டு வளைவு முன்னால."

"அங்க என்னா இருக்கு?"

"சாராயத் தவறணை இருக்கு, தங்கச்சி."

இதெல்லாம் பார்த்துச் சும்மா இருந்த என் மனைவிக்கும் ஆசை வந்துவிட்டது. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பொண்ணு பார்க்க வந்தப்ப என்னயப் புடிச்சுப்போய்த்தான கட்டிக்கிட்டீங்க?"

"ஒன்னய நான் சரியாவே பார்க்கல. குடுத்த முறுக்கு நல்லா இருந்துச்சு."

"அது எங்கம்மா சுட்டது."

அதற்குப் பிறகு ரசம் என் பக்கம் வரவில்லை.

இரண்டு மூன்று நாளில் என் நிலைமை எப்படி ஆகிவிட்டதென்றால், கேட்க விசயம் உள்ளவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். மறைக்க விசயம் உள்ளவர்கள் என்னைக் கண்டால் தேயிலை மலைக்குள் இறங்கிப் போனார்கள். இரண்டிலும் சேராத ஆள் தோட்டத்தில் ஒருத்தரும் இருக்கவில்லை. கண்டாக்கையாகூட, காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்துவிட்டுக் கொழுந்து மலையை மேற்பார்க்கிற மனுசர், என் ஆட்டோவைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவரைப் பற்றி என்னிடம் யாரும் ஒன்றுமே கேட்டதில்லை. இதுவரைக்கும் எல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் என் அக்காவுக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிளினிக்.

அக்கா கொழுந்து எடுக்கிறவள். அத்தான் செத்து வெகு காலமாகிறது. ஒரே மகள். அந்த மகளுக்குத்தான் பல்கலைக்கழகத்தில், கெம்பஸில், இடம் கிடைத்திருந்தது. மட்டக்களப்பில். எங்கள் லயத்திலிருந்து கெம்பஸ் போகிற முதல் பிள்ளை அவள். நாடகம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு, திங்கள் காலையில் போய்ப் பதிய வேண்டும். பதியாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அக்காவுக்குக் கொஞ்ச நாளாகவே வயிற்று வலி. அவள் சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "அம்மாவுக்குப் பெருசா ஏதாச்சும்னா நான் போகமாட்டேன். அடுத்த வருசம் இன்னொருக்காப் பரீட்ச எழுதுவேன்." அவள் சொன்னால் செய்கிற பிள்ளை. எங்கள் குடும்பத்தில் அந்தக் குணம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு மாஸ்டர் அனுமதி கொடுத்தார். அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில் சிங்களம் பேச நான்தான் போவேன். என் சிங்களம் ரோட்டில் படித்தது. வளைவு, இறக்கம், பொலிஸ், "ஐயோ சேர், இந்த ஒருக்கா விடுங்க" எல்லாம் அதில் உண்டு. ஈரல் என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தேவைப்பட்டது.

டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். தம்பி என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார். கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. கண்டிக்கு எழுதித் தருகிறேன், கூட்டிப்போங்கள், வலிக்கு ஏதாவது செய்வார்கள். குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சித்திரை வரை இருந்தாலே பெரிது. சொல்லி முடித்துவிட்டு, ஒத்திகையில் கத்திக் கத்திக் கரகரத்துப் போயிருந்த என் குரலைக் கேட்டு, "நீங்களும் சுடுதண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்றார்.

"என்னாடா சொல்றாரு?" என்றாள் அக்கா.

"வெளிய வா, சொல்றேன்."

வெளியே, பணிஸ் விற்கிறவனின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "சொல்லு."

"மொதல்ல ஒரு டீ குடிப்போம்."

"தம்பி, சிங்களம் தெரிஞ்சது தோட்டத்துல நீ ஒருத்தன்தானா? பக்கத்து வீட்டுப் புள்ள நல்லா பேசும், அது வர்றேன்னுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். ஒனக்குக் காப்புக் கட்டியிருக்குல்ல, அதுக்குத்தான் ஒன்னயக் கூட்டியாந்தேன். சொல்லு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாழ்க்கை முழுக்கப் பேச்சை நீட்டியே பிழைத்தவன், அன்றைக்கு ரொம்பச் சுருக்கமாகச் சொன்னேன்.

அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "சித்திரைன்னா வருசப்பொறப்புக்கு முன்னவா, பின்னவா?"

"அத அவர் சொல்லல, அக்கா."

"ம்."

அதற்குப் பிறகு அவள் பஸாருக்குள் நடந்தாள். மட்டக்களப்பில் சரியான வெயிலாம், பிள்ளையிடம் இருப்பதெல்லாம் கம்பளிச் சட்டையாம். ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் ஏறி, மெல்லிசான நூல் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், டாக்டர் படத்தைப் பிடித்த மாதிரியே. விலைக்குச் சண்டை போட்டாள். நானா, "தங்கச்சி, நீங்க கட பூட்டுற வரைக்கும் விடமாட்டீங்க போல" என்று சிரித்துக் குறைத்துக் கொடுத்தார். நான் வாசலில் நின்று, என் ஆட்டோவின் நம்பர் தகட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிற வழியில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பாப்பா ஒங்கிட்டத்தான் கேக்கும். கேட்டா வயித்துல வாயு, கேஸ்டிக்னு சொல்லிரு."

"அக்கா, நான் இப்பப் பொய் சொல்லக் கூடாது."

"யாரு, நீயா? நீ பொறந்ததுலேருந்து வேற என்னா செஞ்ச?"

"காப்பு இருக்கேக்கா."

"ஒரே ஒரு பொய்டா. அது போய்ப் பேரப் பதிஞ்சிறட்டும். அதுக்குப் பொறகு நானே சொல்லிக்கிறேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அத மட்டும் அனுப்பிவச்சிட்டேன்னா போதும்" என்றாள். அது என்னிடம் சொன்னதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சட்டைப் பொதியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

அன்றைக்கு மாலை ஒத்திகை பிள்ளைக் காம்பராவில் நடந்தது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் எங்கள் அரண்மனையை அமைப்போம். ராணி வேசம் கட்டுகிறவர் கொழுந்து லொறி டிரைவர். மீசையை எடுக்கமாட்டேன் என்று கடைசி நாள் வரைக்கும் அடம்பிடித்த ராணி.

"எனக்கு ஒண்ணு வெளங்கல, மாஸ்டர்" என்றார் ராணி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. "இந்த ராஜா ஆரம்பத்துலேயே ஒரே ஒரு பொய்யச் சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கும் என் புள்ளைக்கும் இந்தக் கதி வந்திருக்குமா?"

"வந்திருக்காது" என்றார் மாஸ்டர். "நாடகமும் அரை மணித்தியாலத்துல முடிஞ்சிருக்கும். பீடிய அணைங்க ராணி, இது புள்ளைங்க இருக்கிற எடம்."

எல்லோரும் சிரித்தார்கள். போன வருடமாக இருந்தால் முதலில் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன். ஒத்திகைக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த அக்கா, கோப்பைகளை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ராஜா வாக்கக் காப்பாத்துனாரு. சரி. அதுக்கு வித்தது யார?"

மாஸ்டர் தாடியைத் தடவினார். "அதத்தான் தங்கச்சி இத்தன காலமா ஆடிக்கிட்டு இருக்கோம்."

"ஆடுங்க, ஆடுங்க" என்றாள் அக்கா. என் கோப்பையை மட்டும் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. வழிகள் எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருக்கும். போய்ச் சேருவதுதான் இல்லை. எல்லோரும் போன பிறகு மாஸ்டரை மெதுவாக விசாரித்தேன். "மாஸ்டர், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ராஜாகிட்ட ஒருத்தர் ஒண்ணு கேட்டு, அவர் பதிலே சொல்லாம இருந்துட்டா அது பொய்யா?"

"ராஜா எப்படிச் சொல்லாம இருப்பாரு? வசனம் பூராவும் அவருக்குத்தான இருக்கு."

"இல்ல, தெரியாத மாதிரி நின்னா?"

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்னா திருடின?"

ஆக, எனக்கு மிஞ்சியது ஓட்டம்தான். அக்கா மகள், என் மருமகள், மேல் படியில் தெரிந்தால் நான் கீழ்ப்படியில் இறங்குவேன். பைப்படியில் அவள் குடத்தோடு நின்றால் எனக்குத் தண்ணீர் தேவைப்படாது. ஒருமுறை தப்பிக்க வேறு வழியில்லாமல் கோழிக்கூட்டைத் துப்புரவு செய்வதாக உள்ளே தலையை விட்டேன். அது மேல் லயத்து மாமாவின் கூடு. அவர் வந்து, "இன்னொண்ணு வேணுமாடா?" என்று கேட்டார்.

நாடகத்தன்று காலையில் பிடிபட்டேன். முன்பெல்லாம் விடிய விடிய ஆடிய நாடகம் இது. இப்போது சிறுத்தை நடமாட்டம், ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு, டி.வி. எல்லாம் சேர்ந்து அதை மத்தியானத்துக்கு இழுத்து வந்துவிட்டன. இருட்டுவதற்குள் நாடு, மனைவி, மகன் எல்லாவற்றையும் இழந்து திரும்பப் பெற்றுவிட வேண்டும். அதனால் காலையிலேயே பிள்ளைக் காம்பராவில் அரிதாரம். மாஸ்டர் என் முகத்தில் பாதிக்கு ரோஸ் நிறம் பூசி, கிரீடத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, மைக் பார்க்க வெளியே போனார். கிரீடத்தின் கயிறு பின்னால் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. அட்டைக் கிரீடம், காய்கிற வரை அசையக் கூடாது. அப்படி நான் ஜன்னலோடு கட்டுண்டு கிடந்தபோது மருமகள் வந்தாள்.

"மாமா."

"என்னா மருமகளே, ராஜாவப் பார்க்க வந்தியா? கப்பம் எங்க?"

அவள் சிரிக்கவில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு என்னா?"

"வயித்து வலி." உண்மைதான்.

"அது எனக்கும் தெரியும். ஸ்கேன்ல என்னா இருந்துச்சு?"

"ஒரே கறுப்பா இருந்துச்சு. எனக்கு அதப் பார்க்கத் தெரியல." அதுவும் உண்மை.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"நல்ல மனுசன். சின்ன வயசு. சுடுதண்ணி நெறையக் குடிக்கச் சொன்னாரு."

"யார?"

கெம்பஸில் இடம் சும்மா கொடுப்பதில்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா கொடுத்த சொல் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. "கே" வரைக்கும் வந்துவிட்டது. என் வாயிலிருந்து எத்தனை பொய் தடையில்லாமல் போயிருக்கிறது. அதில் பாதி தேவையே இல்லாதது. தேவையான ஒன்று வரவில்லை. கையில் இருந்த மஞ்சள் கயிற்றுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒருவேளை கயிறு காரணமில்லை. அந்தக் குட்டி நாற்காலியில் அவள் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வர உட்கார்ந்திருந்த விதமாக இருக்கலாம்.

"பூச்சு காயிது, பேசக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு" என்றேன்.

"சொன்னாரா?"

"இல்ல."

வெளியே மாஸ்டர், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பொய்யும் சொல்லவில்லை, அக்காவையும் காட்டிக்கொடுக்கவில்லை. என் அறிவு அவ்வளவுதான்.

நாடகம் நன்றாகவே போனது, சுடுகாடு வரைக்கும். கரிப் பொட்டும் கையில் தடியுமாக நான் நின்றேன். மேலே மலையிலிருந்து மேகம் இறங்கி மேடைக்குள்ளேயே வந்துவிட்டது. தனியாகப் புகை போட வேண்டியிருக்கவில்லை. கடைசியில் மீசையை எடுத்திருந்த ராணி, துணியால் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல அழுகை. மீசைக்காகவும் சேர்த்து அழுதாரோ என்னவோ. முன்வரிசையில் சாக்கு விரித்து அக்கா உட்கார்ந்திருந்தாள், நல்ல சேலை கட்டி, கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. பக்கத்தில் மகள். தோட்டமே ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருமகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூலியைக் கேட்க வேண்டிய இடம் வந்தது. பெற்ற மகனே ஆனாலும் கூலி இல்லாமல் எரிக்க விடமாட்டேன் என்று நான் முழங்க வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"அண்ணே, காசக் கேளுங்க" என்று ராணி முணுமுணுத்தார்.

திரும்பவும் திறந்தேன். ஒன்றுமில்லை.

"அண்ணே! காசக் கேளுங்கண்ணே, புள்ள கனக்குது!" இந்தமுறை அதை மைக் பிடித்துக்கொண்டது. ஜனம் சிரித்தது. சிரிப்பு அடங்கியது. மேல் லயத்து மாமா எழுந்து நின்றார்.

"பொய் சொல்லிட்டான்டா! காப்போட பொய் சொல்லிட்டான்!"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நாடகம் என்று சொல்ல முடியாது. ஆளாளுக்கு எழுந்தார்கள். "அப்ப என் வீட்டுக்காரர் தவறணைக்குப் போகலயா?" என்று ஒரு குரல் நம்பிக்கையோடு கேட்டது. "சேவல் விசயமும் பொய்தானாடா?" என்று இன்னொரு குரல். இல்லை ஐயா, என் ஆயுளில் நான் ஒழுங்காக இருந்த ஒரே வாரம் இதுதான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தத்தான் முடியவில்லை. கடைசியில் மாஸ்டர் படுதாவுக்குப் பின்னால் நின்று என் வசனத்தைத் தன் குரலில் பேசினார். நான் வாயை மட்டும் திறந்து மூடினேன். பெண்கள் அழுதார்களா என்று தெரியாது. அதன் பிறகு வானத்திலிருந்து தெய்வம் இறங்கி வந்து, எல்லாம் சோதனைதான் என்று சொல்லி, செத்த பிள்ளையை எழுப்பி, நாட்டையும் திருப்பிக் கொடுத்தது. எங்கள் தோட்டத்தில் மேகம் தினமும்தான் இறங்குகிறது. அதற்குள்ளிருந்து அப்படி யாரும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

கிரீடத்தைக் கழற்றுவதற்குள் அக்கா மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். என் கையை, காப்பு இருந்த கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

"தொண்ட அடச்சிருச்சேடா. அப்ப எனக்காகச் சொல்லிட்ட. ஊரே ஏசுனா ஏசிட்டுப் போகட்டும். நீ நல்லா இருப்ப."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கேட்காததால் நான் சும்மா நின்றேன். முகத்து ரோஸ் பூச்சு கரைந்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பை அவிழ்த்தார்கள். மாஸ்டர் முறைத்துக்கொண்டே அவிழ்த்தார். அடுத்த வருடம் எனக்குக் கோமாளி வேசமும் சந்தேகம்தான் என்றார். நான் நேரே ஆட்டோவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ராகலையில் பஸ் பிடித்து, நுவரெலியா, பதுளை என்று மாறி மாறிப் போக வேண்டும். அக்கா சந்தோசமாக இருந்தாள். சோற்றுப் பொதி கட்டினாள், அவித்த முட்டை வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம் புள்ள போகுது" என்று சொல்லச் சாக்குத் தேடிக் கொஞ்சம் சீனி வாங்கினாள். மருமகள் புது நூல் சட்டை போட்டு, பனியில் நடுங்கிக்கொண்டு, பையை ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றினாள். பொதியை எடுக்க அக்கா உள்ளே போனாள்.

இதுதான் நேரம். அக்கா என்னை நம்பிவிட்டாள். நான் செய்யாத காரியத்துக்கு நன்றியும் சொல்லிவிட்டாள். அந்தக் கடனை இப்போதாவது தீர்த்துவிடலாம். கையும் வெறுங்கை. தொண்டையைச் செருமிப் பார்த்தேன், மணி மாதிரி இருந்தது.

"பாப்பா, நேத்து என்னமோ கேட்டியே. ராஜா வேசத்துல இருந்தேனா, பதில் சொல்ல முடியல. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. வெறும் கேஸ்டிக். டாக்டர் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு, நேரத்துக்குச் சாப்பிட்டா சரியாப் போயிரும்னு. நான்தான் இருக்கேன்ல, பார்த்துக்கிறேன். நீ நிம்மதியாப் போய்ட்டு வா."

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நடுவில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்புக்கூட வந்தது. என் வாழ்நாளில் நான் பேசிய வசனங்களிலேயே இதுதான் சிறந்தது. கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னை. கோபம் இல்லை. ஆட்டோவுக்குள் குனிந்து, பையின் வாரைப் பிடித்து இழுத்து, கீழே இறக்கினாள். உள்ளேயிருந்து அக்கா, "ஏறிட்டியா பாப்பா? பஸ் போயிரப் போகுது!" என்று கூப்பிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தவள், திரும்பாமலே சொன்னாள்:

"நேத்துச் சொல்லியிருக்கலாமே, மாமா."